எம்.எஸ். என்னும் ஈரெழுத்து: ஒரு சுருக்கமும் அதன் பொருள்களும்

எம்.எஸ். என்ற சுருக்கம் தமிழ்நாட்டின் எந்த நடுத்தர ஊரிலும் ஒரே கடைத்தெருவில் நான்கைந்து பொருள்களில் கண்ணில் படும். மருத்துவர் வீட்டுப் பெயர்ப்பலகையில் அது அறுவை சிகிச்சை மேற்படிப்பு. இரும்புக் கடை பில்லில் மைல்டு ஸ்டீல். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி மூடியில் மோட்டார் ஸ்பிரிட். கணினிப் பயிற்சி மையத்தின் விளம்பரத் தட்டியில் மைக்ரோசாஃப்ட். கச்சேரிக்குப் போய் வருபவர்கள் பேச்சில் சுப்புலட்சுமி. இவற்றைத் தவிர மருத்துவம், இயற்பியல், நூலகவியல், அஞ்சல், விமானப் போக்குவரத்து எனப் பல துறைகளில் இந்த இரண்டெழுத்துக்குத் தனித்தனிப் பொருள் உண்டு.

இத்தனை பொருள் இருந்தும் பெரும்பாலான இடங்களில் எவரும் தடுமாறுவதில்லை. சில இடங்களிலோ அதே சுருக்கம் எழுதவே கூடாது என்று தடை செய்யப்படும் அளவுக்கு ஆபத்தாகியிருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இருவேறு விளக்கங்கள்

சொற்சிக்கனம் பற்றிய நவீன ஆய்வு அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃபிலிருந்து தொடங்குகிறது. அதிகம் புழங்கும் சொற்கள் குறுகியிருக்கும் என்பதை 1935இல் வந்த நூலில் அவர் விளக்கினார். 1949இல் வெளியான அடுத்த நூலில் பேசுபவரின் சிக்கனத்தையும் கேட்பவரின் சிக்கனத்தையும் எதிரெதிராக நிறுத்தினார். பேசுபவருக்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே சொல் இருந்தால் வசதி. கேட்பவருக்குப் பொருளுக்கு ஒரு சொல் இருந்தால்தான் வசதி. மொழி இந்த இழுபறியின் நடுவே நிற்கிறது.

பியாந்தடோசி, டிலி, கிப்சன் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 2012இல் ‘காக்னிஷன்’ ஆய்விதழில் இதை இன்னும் ஒருபடி முன்னே கொண்டுசென்றனர். பல்பொருள் தன்மை மொழியின் குறையன்று என்பது அவர்கள் வாதம். சூழலே பொருளைக் காட்டிவிடும்போது, எளிதில் உச்சரிக்கக்கூடிய குறுகிய வடிவங்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமான ஏற்பாடு. எம்.எஸ். போன்ற சுருக்கங்களுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்துவதாகத் தோன்றும். ஆங்கில எழுத்துகள் 26; இரண்டிரண்டாகச் சேர்த்தால் கிடைப்பவை 676 இணைகள் மட்டுமே. உலகில் சுருக்கப்பட வேண்டிய இருசொல் தொடர்களோ எண்ணி மாளாதவை. ஒரே இணை பல இடங்களில் திரும்ப வருவது தவிர்க்க முடியாதது.

நோயாளிப் பாதுகாப்பு குறித்து எழுதுபவர்கள் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தவர்கள். சுருக்கம் எழுதுபவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, படிப்பவரின் தலையில் சுமையை ஏற்றுகிறது, தவறு நேர்ந்தால் விலை கொடுப்பவர் மூன்றாம் நபரான நோயாளி என்பது அவர்கள் நிலைப்பாடு. இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டுமே சுருக்கத்தைப் பொதுவாக வைத்துப் பேசுகின்றன. எந்தப் பொருள் எந்தப் பொருளுக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறது என்று தனித்தனியே பார்த்தால்தான் எந்த வாதம் எங்கே செல்லும் என்பது புலப்படும்.

பெயருக்கு முன்னால்

தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து விரியும் விதம் ஒரே சீரானதன்று. எம்.எஸ். சுப்புலட்சுமியின் (1916–2004) எம் மதுரை என்னும் ஊர். எஸ் அவருடைய தாயார், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. ஊரும் தாயும் பெயருக்கு முன்னால் நிற்கும் இம்முறை இசைவேளாளர் மரபுக்கு உரியது. எம்.எஸ். விஸ்வநாதனின் (1928–2015) எம் மனயங்கத்து என்ற குடும்பப் பெயர். எஸ் தந்தை சுப்பிரமணியன். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனின் (1925–2023) எம் குட்டநாட்டிலுள்ள மங்கொம்பு. எஸ் தந்தை சாம்பசிவன். இதே தலைப்பெழுத்துகள் வடக்கே போனால் இலக்கணமே மாறிவிடும். எம்.எஸ். தோனியில் மகேந்திர சிங் என்பது அவருடைய சொந்தப் பெயர். முன்னெழுத்தாக இல்லாமல் முழுதாக நிற்கும் தோனியே குடும்பப் பெயர்.

சிறுபத்திரிகை வட்டாரத்தில் எம்.எஸ். என்றால் நாகர்கோவிலைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளரும் பிரதிச் செம்மையாளருமான எம். சிவசுப்பிரமணியன். இங்கே எஸ் பெயரின் முதலெழுத்தாகவே ஆகிவிடுகிறது. ஆகப் பெயர்ச்சுருக்கத்தில் எம்.எஸ். என்ற வடிவம் ஊர், குடும்பம், தாய், தந்தை, தன் பெயர் என எதை வேண்டுமானாலும் குறிக்கலாம். எழுத்தைப் பார்த்து உறவை ஊகிக்க வழியில்லை.

அப்படியும் கச்சேரி வட்டத்தில் ‘எம்.எஸ். பாடியது’ என்றால் யார் என்று எவரும் கேட்பதில்லை. பின்னால் பெயர் வராமல் தலைப்பெழுத்தே பெயராக நிற்பது ஒருவகைப் பட்டம். அந்தந்த வட்டம் ஒருவருக்கு மட்டுமே அதை வழங்கும். திரையிசைக்காரர்கள் விஸ்வநாதனை எம்.எஸ்.வி. என்று மூன்றெழுத்தாக்கிக்கொண்டதால் அங்கேயும் மோதல் நேரவில்லை.

இரும்புக் கடை, பெட்ரோல் பங்க், பட்டப்படிப்பு

கரிமச்சத்து ஏறத்தாழ 0.25 விழுக்காட்டுக்குள் இருக்கும் எஃகு மைல்டு ஸ்டீல். எளிதில் வளையும், பற்றவைக்கவும் தோதானது. இரும்புக் கடைகளில் ‘எம்.எஸ். ஆங்கிள்’, ‘எம்.எஸ். பைப்’ என்ற வழக்கு, எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகிலிருந்தும் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்பிலிருந்தும் பிரித்துக் காட்டுவதற்கே. வாசல் கேட்டுக்கு எம்.எஸ்.ஸா எஸ்.எஸ்.ஸா என்று கடைக்காரர் கேட்கும்போது அவர் முன்வைப்பது மூன்று அல்லது நான்கு பொருள்களுக்குள் ஒரு தேர்வு. அந்தச் சிறு பட்டியலுக்குள் எம்.எஸ். ஐயத்துக்கு இடமில்லாதது.

பெட்ரோல் பங்கில் எம்.எஸ். என்பது வண்டி ஓட்டி வருபவர் வாயில் வராத சொல். அவருக்கு அது பெட்ரோல். இருப்புப் பதிவேடு, டேங்கர் லாரி ரசீது, தொட்டி மூடி ஆகியவற்றில்தான் எம்.எஸ்., எச்.எஸ்.டி. (டீசல்) என்ற இணை வாழ்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் பெட்ரோல் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராகப் புழங்கியதால் போட்டியாளர்கள் மோட்டார் ஸ்பிரிட் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டனர். பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்களுக்குள்ளும் அது நுழைந்தது. சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டு வரிச் சட்டம் மோட்டார் ஸ்பிரிட் விற்பனைக்கு உரியது. 2005இல் ஒன்றிய அரசு பிறப்பித்த எரிபொருள் வழங்கல் முறைகேடு தடுப்பு ஆணையின் தலைப்பிலும் அச்சொல்லே உள்ளது. தெருவில் எப்போதோ வழக்கொழிந்த பெயர் சட்டத்தின் தயவில் இரண்டெழுத்தாக நிலைத்திருக்கிறது.

பெட்ரோல் பங்க்குகளின் நிலத்தடித் தொட்டிகள் பொதுவாக மைல்டு ஸ்டீல் தகட்டால் செய்யப்படுபவை. எனவே எம்.எஸ். தொட்டிக்குள் எம்.எஸ். இருக்கிறது. வேடிக்கைக்கு அப்பால் இதில் கவனிக்க ஒன்று உண்டு. ‘எம்.எஸ். டேங்க்’ என்று ஒரு வரைபடத்தில் எழுதினால் அது எஃகுத் தொட்டியா, பெட்ரோல் தொட்டியா என்பது அச்சொல்லில் இல்லை. டீசல் தொட்டியும் எஃகுதான். வெகு தொலைவில் இருந்த இரண்டு தொழில்கள் ஒரே குழிக்குள் சந்தித்தவுடன் சூழல் கைவிட்டுவிடுகிறது.

பட்டப்படிப்பில் நிலைமை வேறுவிதம். இந்தியாவில் எம்.எஸ். எனில் பொது அறுவை, எலும்பியல், கண், காது-மூக்கு-தொண்டை போன்ற துறைகளின் முதுநிலை மருத்துவப் பட்டம். அறிவியல் முதுநிலைக்கு எம்.எஸ்ஸி. என்ற தனிச் சுருக்கம் இருப்பதால் இரண்டும் மோதாமல் இருந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அறிவியல் முதுநிலையையே எம்.எஸ். என்கின்றன. பொறியியல் முடித்தவர்கள் திரளாக அங்கே போகத் தொடங்கிய பிறகு ‘எம்.எஸ். பண்றான்’ என்ற தொடர் தமிழ்க் குடும்பங்களில் கணினித் துறையையே முதலில் நினைவூட்டும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுவழி முதுநிலைப் பட்டத்துக்கும் எம்.எஸ். என்றே பெயர் வைத்திருக்கிறது. மணமகள் தேவை விளம்பரத்தில் எம்.எஸ். என்று மட்டும் போட்டால் மாப்பிள்ளை அறுவை மருத்துவரா மென்பொருள்காரரா என்று தொலைபேசியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசாணையில் ஒளிந்திருக்கும் கையெழுத்துப் படி

கையால் எழுதப்பட்டது என்னும் பொருள் தரும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது நூலகவியலின் எம்.எஸ். பன்மைக்கு எஸ்ஸை இரட்டித்து எம்.எஸ்.எஸ். என்பது லத்தீன் எழுத்தர் வழக்கம். சுவடியின் அடையாள எண்ணிலும் இது இடம்பெறும்: ‘பியோவுல்ஃப்’ காவியத்தின் ஒரே சுவடி பிரிட்டிஷ் நூலகத்தில் காட்டன் எம்.எஸ். விட்டெலியஸ் ஏ 15 என்ற பெயரில் உள்ளது. ஓலையானாலும் தாளானாலும், ஏன், பதிப்பகங்களுக்கு வரும் தட்டச்சுப் படியானாலும்கூட இச்சுருக்கம் ஒட்டிக்கொள்கிறது.

சுவடிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத அரசு ஊழியர்கள் அன்றாடம் கையாளும் ஒரு தொடரிலும் இதே எம்.எஸ். இருக்கிறது. தமிழ்நாடு அரசாணைகளின் ஆங்கில வடிவில் ‘ஜி.ஓ. எம்எஸ். நம்பர்’ என்று இருப்பதன் நடுச்சொல் கையெழுத்துப் படி என்பதன் சுருக்கமே. பழைய சென்னைத் தலைமைச் செயலக நடைமுறையில் ஆணைகள் அச்சுத் தொடர், கையெழுத்துப் படித் தொடர், வழக்கமானவற்றின் தொடர் எனப் பிரிந்திருந்ததன் மிச்சம் அது. பழைய சென்னை மாகாணத்தோடு தொடர்புள்ள ஆந்திரம், தெலங்கானா, கேரளம் ஆகியவற்றிலும் இந்த எம்எஸ். இன்றுவரை உண்டு. கணினியில் தயாராகி மின்கையொப்பம் பெறும் ஆணைக்கும் கையெழுத்துப் படி என்ற முத்திரை தொடர்கிறது. பலர் இதைப் ‘பல்வகை’ எனப் பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாக விரித்துப் படிப்பதும் உண்டு. விரிவு மறந்துபோன சுருக்கத்துக்குப் படிப்பவர் தாமே ஒரு விரிவைத் தேடிக்கொள்வது இயல்புதான்.

தமிழ் வடிவம் இந்தச் சிக்கலுக்குள் சிக்கவே இல்லை. அங்கே அது ‘அரசாணை (நிலை) எண்’. வழக்கமான சிறு ஆணைகள் ‘அரசாணை (வாலாயம்)’. பெயரை ஆக்கியவர்கள் ஆங்கிலச் சுருக்கத்தின் எழுத்தையோ விரிவையோ பெயர்க்காமல் ஆணையின் தன்மையைப் பார்த்திருக்கிறார்கள். ஆட்சித் தமிழில் இவ்வளவு தெளிவான முடிவுகள் அதிகம் இல்லை என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்லத் தகும்.

வேலி போட்ட குறியீடுகள்

அமெரிக்க அஞ்சல் துறை 1963இல் மாநிலங்களுக்கு ஈரெழுத்துக் குறியீடு தந்தபோது எம் எழுத்தில் தொடங்கும் மாநிலங்கள் எட்டு இருந்தன. மிச்சிகனுக்கு எம்.ஐ., மிசௌரிக்கு எம்.ஓ., மிசிசிப்பிக்கு எம்.எஸ். நாடுகளுக்கான பன்னாட்டுத் தரக் குறியீட்டில் எம்.எஸ். கரீபியத் தீவான மான்செராட். மொழிகளுக்கான குறியீட்டில் மலாய். விமான நிறுவனக் குறியீட்டில் எகிப்து ஏர்; மிஸ்ர் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது.

எண்ணிக்கையில் இவை நான்கு. குழப்பம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பட்டியலையும் ஓர் அமைப்பு காவல் காக்கிறது. பட்டியலுக்குள் ஒரு வடிவத்துக்கு ஒரே பொருள். பட்டியலுக்கு வெளியே அதே வடிவம் என்ன ஆனாலும் அந்த அமைப்புக்குக் கவலையில்லை.

அலகுகளில் எழுத்தின் பருமன்

அறிவியல் அலகுகளுக்கும் காவல் உண்டு, ஆனால் அங்கே வேலி மிக மெல்லியது. சிற்றெழுத்து எஸ் விநாடி. பேரெழுத்து எஸ் மின்கடத்தலின் அலகான சீமன்ஸ், 1971இல் ஏற்கப்பட்டது. சிற்றெழுத்து எம் முன்னொட்டாக வந்தால் மில்லி; பேரெழுத்தானால் மெகா. ஆக எழுத்தின் பருமனை மாற்றினாலே மில்லிவிநாடி, மில்லிசீமன்ஸ், மெகாவிநாடி, மெகாசீமன்ஸ் என நான்கு அலகுகள். மண்ணின் உவர்த்தன்மையைச் சொல்லும் ஆய்வக அறிக்கையில் மில்லிசீமன்ஸ் வர வேண்டிய இடத்தில் எஸ் சிறுத்துவிட்டால் உப்பின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் நேரம் உட்கார்ந்திருக்கும்.

இதைவிட நுட்பமானது இடைவெளி. சிற்றெழுத்து எம் தனியாக நின்றால் மீட்டர். எம்முக்கும் எஸ்ஸுக்கும் நடுவே இடம் விட்டு எஸ்ஸின் மேல் எதிர்மறை ஒன்று போட்டால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகம். இடத்தை விடாமல் ஒட்டி எழுதினால் ஒரு மில்லிவிநாடிக்கு இத்தனை முறை என்றாகிவிடும். 10 என்ற எண்ணை முன்னால் வைத்தால் முதலாவது விநாடிக்கு 10 மீட்டர். இரண்டாவது விநாடிக்கு 10,000 முறை. பன்னாட்டு அலகு முறையின் விதிநூல் இடைவெளியையோ நடுப்புள்ளியையோ கட்டாயமாக்குவது இதனால்தான். தமிழ் அறிவியல் பாடநூல்களில் மீட்டர் ‘மீ’, மில்லி ‘மி’ என்று நெடிலும் குறிலுமாகப் பிரிந்துவிடுவதால் ‘மீவி⁻¹’ என்று ஒட்டி அச்சிட்டாலும் இந்த விபத்து நேராது. அதே நூல்கள் ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலிபெயர்க்கத் தொடங்கினால் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாடு இல்லாத தமிழில் மேற்சொன்ன நான்கும் ‘எம்எஸ்’ என்ற ஒரே வடிவமாகச் சுருண்டுவிடும்.

ஐயமே நோக்கமானபோது

ஒரே ஓர் எம்.எஸ். மட்டும் எதன் சுருக்கமும் அன்று. ஆங்கிலத்தில் பெண்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘மிஸ்’, ‘மிசஸ்’ இரண்டும் மணநிலையை அறிவிப்பவை. எதுவும் அறிவிக்காத அடைமொழியாக எம்.எஸ். என்பதைப் பயன்படுத்தலாம் என்று மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர நாளிதழ் ஒன்று 1901லேயே யோசனை சொன்னது. 1960களில் பெண்ணியவாதி ஷீலா மைக்கேல்ஸ் அதற்காகக் குரல் கொடுத்தார். 1970களின் தொடக்கத்தில் பெண்ணிய எழுத்தாளர் குளோரியா ஸ்டைனமும் தோழியரும் அப்பெயரிலேயே இதழ் தொடங்கினர். நியூயார்க் டைம்ஸ் 1986இல்தான் இறங்கி வந்தது. வேறெங்கும் தவறுதலாக நேரும் தெளிவின்மை இங்கே வேண்டியே உண்டாக்கப்பட்டது. தமிழில் ‘திருமிகு’ ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது.

கேஸ் ஷீட்டில்

எம்.எஸ்.ஸின் பொருள்கள் மிக நெருக்கமாக அடைந்து கிடப்பது மருத்துவக் குறிப்பேட்டில். இதய மருத்துவருக்கு அது மைட்ரல் ஸ்டெனோசிஸ், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள வால்வு குறுகுதல். இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாய் சுருங்கிப்போகும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலே பெரும்பாலும் காரணம் என்பதால் இந்தியாவில் இது பழகிய நோய். நரம்பியல் மருத்துவருக்கோ எம்.எஸ். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறை சிதையும் நோய். பாரிஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியலாளர் ஷார்கோ 1868இல் அதைத் தனி நோயாக விளக்கினார். பிரெஞ்சில் அதன் சுருக்கம் எஸ்.இ.பி.; பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வேறு பெயரும் புழங்கியது. பிரெஞ்சு மருத்துவ ஏட்டில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. மோதல் நோய்களுக்கு இடையில் இல்லை, அவற்றுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்களுக்கு இடையில்தான்.

இதய வார்டில் எழுதப்பட்ட எம்.எஸ். இதய வார்டிலேயே படிக்கப்படும்வரை தீங்கில்லை. ‘பழைய நோய்கள்: எம்.எஸ்.’ என்ற ஒற்றை வரியாக வேறொரு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது சூழல் கூடவே போவதில்லை. பியாந்தடோசி முதலியோரின் வாதம் பேசுபவரும் கேட்பவரும் ஒரே சூழலைப் பகிர்வதாக எடுத்துக்கொள்கிறது. மருத்துவ ஏடு ஒருவர் எழுதி, முன்பின் அறியாத இன்னொருவர் பல ஆண்டுகள் கழித்துப் படிப்பது.

இதைவிடக் கொடிய நெருக்கம் மருந்துகளுக்கிடையே உள்ளது. மார்ஃபின் சல்ஃபேட் கடும் வலிக்கு. மக்னீசியம் சல்ஃபேட் பேறுகால வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும். இரண்டும் எம்.எஸ். என்று சுருங்கும். இங்கே சூழல் முழுமையாகவே இருக்கிறது, இருந்தும் உதவுவதில்லை. இரண்டும் ஒரே பிரசவ வார்டில் இருக்கும். இரண்டும் நரம்பு ஊசியாக ஏறும். மார்ஃபின் 2 மில்லிகிராம் தருவது சாதாரணம்; மக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம் தருவதும் சாதாரணம். ‘எம்.எஸ். 2’ என்று எழுதியிருந்தால் எண்ணும் காட்டிக்கொடுக்காது. மக்னீசியத்தின் வேதிக் குறியீடான எம்ஜி மில்லிகிராமுக்கும் உரிய எழுத்துகளையே கொண்டிருப்பது இன்னொரு கண்ணி. இரண்டும் அளவு மீறினால் மூச்சை ஒடுக்கும். முறிவு மருந்துகளோ வேறு வேறு. மார்ஃபினுக்கு நலோக்சோன், மக்னீசியத்துக்குக் கால்சியம் குளுக்கோனேட்.

தெளிவுக்காகச் சிலர் எம்எஸ்ஓ4, எம்ஜிஎஸ்ஓ4 என எழுதினர். நிலைமை மேலும் கெட்டது. இரண்டுக்கும் நடுவே இப்போது ஒரே ஓர் எழுத்துதான். போதாக்குறைக்கு முதலாவது வேதிச் சூத்திரமே அன்று. எம் என்ற தனிமம் கிடையாது. வேதியியலில் எம் ஏதேனும் ஓர் உலோகத்தைப் பொதுவாகக் குறிப்பதால் அதை ‘ஓர் உலோக சல்ஃபேட்’ என்று படிப்பதே முறை. மக்னீசியம் அப்படிப்பட்ட உலோகம், மார்ஃபின் இல்லை.

ஒரே கேஸ் ஷீட்டை எண்ணிப் பார்க்கலாம். வால்வு குறுகிய கர்ப்பிணி: நோய் எம்.எஸ். வலிப்பு வராமலிருக்க எம்.எஸ். பிரசவத்துக்குப் பின் வலிக்கு எம்.எஸ். கையெழுத்திட்டவர் மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். நான்கில் கடைசியை மட்டும் எவரும் தவறாகப் படிக்க மாட்டார்கள். மோட்டார் ஸ்பிரிட்டும் சுவடியும் இந்தப் பக்கத்துக்குள் வர வழியே இல்லாததால் அவற்றால் ஆபத்தும் இல்லை. தவறுக்கு வித்திடுவது பொருள்களின் எண்ணிக்கை அல்ல, ஒரே இடத்தில் ஒரே இலக்கண நிலையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்திவிடும் தன்மை.

தடையின் எல்லை

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2004இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் எம்.எஸ்., எம்எஸ்ஓ4, எம்ஜிஎஸ்ஓ4 மூன்றும் உண்டு. மருந்தின் முழுப் பெயரை எழுத வேண்டும் என்பது விதி. முறையான வேதிச் சூத்திரமான மூன்றாவதையும் தடுத்தது மிகையாகத் தோன்றலாம். ஒன்றை விட்டுவைத்தால் அதைப் போன்ற மற்றொன்றும் பழக்கத்தில் திரும்பிவிடும் என்பதைக் கருதினால் அது சரியான முடிவே.

தடை சிகிச்சை உத்தரவுகளுக்கும் மருந்து சார்ந்த பதிவுகளுக்கும் மட்டுமே உரியது; கையால் எழுதினாலும் கணினியில் தாமே தட்டச்சு செய்தாலும் பொருந்தும். நோய்ப் பெயராக வரும் எம்.எஸ்.ஸை அது தொடவில்லை. உடனடி உயிராபத்து இருக்கும் இடத்தில் கோடு கிழித்தது நடைமுறைக்கு ஏற்றதுதான். ஆயினும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனையிலிருந்து மறு மருத்துவமனைக்கு நோயாளியே சுமந்து போகும் தமிழ்நாட்டு நடைமுறையில், வால்வு நோயையும் நரம்பு நோயையும் முழுப்பெயரில் எழுதுவதற்கான தேவை மருந்துப் பெயருக்கு உள்ளதைவிடக் குறைந்ததன்று. தமிழில் எழுதினால் ‘மைட்ரல் வால்வு சுருக்கம்’ என்ற மூன்று சொல் போதும்.